பைக் ஹேண்டில் கிரிப்பை வீட்டிலேயே மாற்றுவது எப்படி? மாட்டும்போது வழுக்க வேண்டும், மாட்டிய பிறகு வழுக்கவே கூடாது

ஜூலை மாதக் காலை. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இரவெல்லாம் மழை. பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் 10 மணிக்கு உங்களுக்கு மீட்டிங். சந்தில் நனைந்து நிற்கும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிறீர்கள். தாராவி டி ஜங்ஷனில் பச்சை விளக்கு விழுகிறது. ஆக்சிலேட்டரைத் திருகுகிறீர்கள். கை திரும்புகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் பஸ்காரர் ஹார்ன் அடிக்கிறார்.

இன்ஜினில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் திருகியபோது சுற்றியது வெளியே இருக்கும் ரப்பர் மட்டும்தான். அதற்குள் இருக்கும் ஆக்சிலேட்டர் பைப் அசையவே இல்லை.

சிக்னலில் நிற்கும்போது இப்படி ஆனால் ஹார்ன் சத்தத்தோடு போய்விடும். லாரியை ஓவர்டேக் செய்யும்போதோ, பள்ளத்தில் இறங்கி ஏறும்போதோ இடது கிரிப் கையோடு உருவிக்கொண்டு வந்தால் கதையே வேறு. சாலையின் ஒவ்வொரு அதிர்வையும் தாங்கிக்கொண்டு வண்டியை உங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது இந்த இரண்டு ரப்பர் துண்டுகள்தான்.

கிரிப் மாற்றுவது பெரிய வேலை இல்லை. பழகியவருக்கு அரை மணி நேரம், முதல் முறை செய்பவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் பலரும் ஒரே இடத்தில் தவறு செய்கிறார்கள். அது எந்த இடம், அதை எப்படித் தவிர்ப்பது என்பதை இங்கே பார்ப்போம்.

கிரிப் ஏன் கெட்டுப்போகிறது?

மரத்திலிருந்து வரும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துவிடும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகிறது. இந்த முறைக்கு சார்லஸ் குட்இயர் 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். டயரில் இருந்து ஹேண்டில் கிரிப் வரை பெரும்பாலான ரப்பர் பொருள்கள் இந்த வழியில் வந்தவைதான்.

உறுதியாக்கிய ரப்பருக்கும் ஆயுள் உண்டு. வெயில், காற்றிலுள்ள ஓசோன், கை வியர்வை, கிரீஸ், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து அதை மெல்ல அரிக்கின்றன. சில கிரிப்புகள் இறுகி வெடிக்கும். மென்மைக்காக எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் சேர்த்துச் செய்த சில கிரிப்புகளில் நாளாக நாளாக அந்தப் பொருள் மேலே கசிந்து, தொட்டாலே கையில் கறுப்பாக ஒட்டும்.

மும்பையில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே 2,000 மி.மீ.க்கும் மேல் மழை பெய்கிறது. கிரிப்பின் ஓரம் கிழிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். போன தண்ணீர் சீக்கிரம் காயாது. ஏற்கெனவே லூசாக இருக்கும் கிரிப் அந்த ஈரத்தில் வழுக்கத் தொடங்கும். லேபர் கேம்ப் போன்ற குறுகலான சந்துகளில் பக்கத்து வண்டியும் சுவரும் ஹேண்டில் முனையில் உரசிக்கொண்டே இருப்பதால் முதலில் கிழிவதும் அந்த முனைதான்.

மாற்ற வேண்டிய நேரம் எது?

வண்டியை நிறுத்திவிட்டு இடது கிரிப்பை இறுக்கிப் பிடித்துத் திருகிப் பாருங்கள். கொஞ்சம் சுற்றினாலும் மாற்ற வேண்டும். வலது பக்கம் ஆக்சிலேட்டர் எப்படியும் சுற்றும் என்பதால் அங்கே கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. ஆக்சிலேட்டர் முழுவதும் மூடியிருக்கும்போது, கிரிப்பின் உள் ஓரத்திலும் அதை ஒட்டியுள்ள சுவிட்ச் பெட்டியிலும் படும்படி நெயில் பாலிஷில் ஒரு சின்னக் கோடு போடுங்கள். சில நாள் ஓட்டிய பிறகு ஆக்சிலேட்டரை மூடிப் பாருங்கள். இரண்டு கோடுகளும் நேராக இருந்தால் கவலை இல்லை. விலகியிருந்தால் ரப்பர் பைப்பின் மேல் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மேல்தோல் தேய்ந்து வழவழப்பாகிவிட்டாலும், வெடித்திருந்தாலும், கையில் ஒட்டினாலும் மாற்றிவிடுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன், மே மாதத்திலேயே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

வலதும் இடதும் ஒன்றல்ல

கடையில் ஜோடியாக வாங்கும் கிரிப்புகள் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் உள் துளை வேறு வேறு. இந்தியச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பார் 22 மி.மீ. கனம். இடது கிரிப் நேராக அதன் மேல் உட்காரும். வலது பக்கம் அதே பாரின் மேல் பிளாஸ்டிக் ஆக்சிலேட்டர் பைப் இருக்கிறது. கிரிப் அந்தப் பைப்பின் மேல் போக வேண்டும் என்பதால் அதன் துளை சுமார் 25 மி.மீ. இருக்கும்.

இதை மாற்றி மாட்டினால் என்ன ஆகும்? பெரிய துளை கிரிப்பை இடது பக்கம் போட்டால் லொடலொடவென்று ஆடும். எவ்வளவு பசை போட்டாலும் நிற்காது. சின்னதை வலது பக்கம் திணித்தால் பாதியிலேயே சிக்கிக்கொள்ளும்.

வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, உங்கள் வண்டியின் மாடலுக்கு ஏற்றதா? இரண்டு, பழைய கிரிப்பின் நீளமும் புதியதன் நீளமும் ஒன்றா? மூன்று, முனை மூடியதா, திறந்ததா? ஹேண்டில் முனையில் உலோக எடை வைத்த வண்டிகளுக்குத் திறந்த முனை கிரிப்தான் சரி. சில ஸ்கூட்டர்களிலும் பைக்குகளிலும் வலது ரப்பரும் ஆக்சிலேட்டர் பைப்பும் சேர்ந்தே ஒரே பொருளாக வரும். அப்படியானால் ரப்பரை மட்டும் மாற்ற முடியாது. சுவிட்ச் பெட்டியைத் திறந்து கேபிளைக் கழற்ற வேண்டியிருக்கும்.

குர்லா சி.எஸ்.டி. ரோடு மாதிரி ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த இடத்துக்குப் போனால் பழைய கிரிப்பையோ வண்டியையோ கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். "எல்லா வண்டிக்கும் செட் ஆகும்பா" என்று கடைக்காரர் சொன்னால், துளையை அளந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

என்னென்ன வேண்டும்?

ஸ்குரூ டிரைவர் அல்லது உங்கள் வண்டிக்கு ஏற்ற ஆலன் கீ, ஒரு கட்டர், முனை மழுங்கிய மூங்கில் குச்சி, பழைய பருத்தித் துணி, ஐசோபுரொபைல் ஆல்கஹால், தேவைப்பட்டால் ரப்பர் ஒட்டும் பசை. இவ்வளவுதான். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தேடி அலைய வேண்டாம். மொபைல் ரிப்பேர் கடைக்காரர்கள் போர்டைத் துடைக்க வைத்திருப்பது அதுதான். எங்கே வாங்குவது என்று அவர்களிடமே கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஐசோபுரொபைல் ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். பெரும்பாலான ரப்பர் பசைகளும் அப்படித்தான். பத்துக்குப் பத்து அறையில் ஒரு மூலையில் கேஸ் அடுப்பும் இன்னொரு மூலையில் சாமி விளக்கும் இருக்கும் வீட்டுக்குள் இந்த வேலையைச் செய்யாதீர்கள். மழை விட்ட நேரமாகப் பார்த்து வாசலில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பிடிக்க வேண்டாம்.

பழையதைக் கழற்றுவது

முதலில் ஹேண்டில் முனையில் எடை இருந்தால் அதன் ஸ்குரூவைக் கழற்றுங்கள். கடல் காற்று வீசும் ஊரில் இந்த ஸ்குரூ துருப்பிடித்து இறுகியிருப்பது சகஜம். பொருந்தாத ஸ்குரூ டிரைவரை வைத்துப் பலமாகத் திருகினால் தலை மழுங்கிவிடும், பிறகு கழற்றவே முடியாது. துரு இளக்கும் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்து, கால் மணி நேரம் விட்டு, சரியான அளவு கருவியை அழுத்திப் பிடித்துத் திருகுங்கள். ஸ்ப்ரே வழிந்திருந்தால் அந்த இடத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

பழைய கிரிப் குப்பைக்குத்தான் போகிறது என்றால் அறுத்து எடுப்பதே சுலபம். இடது பக்கம் உள்ளே இரும்பு என்பதால் நீளவாக்கில் கீறி வாழைப்பழத் தோல் மாதிரி உரித்துவிடலாம். வலது பக்கம் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பைப். ஒரே அழுத்தாக அழுத்தினால் ரப்பரோடு பைப்பிலும் பிளேடு இறங்கிவிடும். ஆகவே லேசாக இரண்டு மூன்று முறை கீறி, மிச்சத்தைக் கையால் கிழியுங்கள். இரண்டு பக்கமும் பிளேடு உங்கள் கையை விட்டு விலகும் திசையிலேயே போக வேண்டும்.

பழைய கிரிப் நன்றாக இருக்கிறது, திரும்பவும் போட வேண்டும் என்றால் இரண்டு வழிகள் இருக்கின்றன. மூங்கில் குச்சியை ரப்பருக்கு அடியில் மெதுவாக நுழைத்து, அந்த இடைவெளியில் ஆல்கஹாலைச் சொட்டு சொட்டாக விட்டு, சுற்றிச் சுற்றி இளக்கி உருவலாம். இல்லாவிட்டால் பக்கத்து பங்சர் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். கம்ப்ரெஸர் காற்றுக் குழாயின் முனையை ரப்பருக்கு அடியில் வைத்து அடித்தால் கிரிப் உப்பி, தானாக மிதந்து வெளியே வரும். சில நேரம் சட்டென்று தெறித்தும் வரும் என்பதால் முகத்தை நேரே வைக்காதீர்கள். பசை போட்டு ஒட்டிய கிரிப்பாக இருந்தால் காற்றுக்கு அசையாது. அதை அறுக்கத்தான் வேண்டும்.

எதைத் தடவி மாட்டுவது? தவறு நடக்கும் இடம் இதுதான்

புது கிரிப்பின் துளை, பாரின் கனத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகவே இருக்கும். அந்த இறுக்கம்தான் அதைப் பிடித்து வைக்கிறது. எனவே காய்ந்த நிலையில் தள்ளினால் உள்ளே போகாது. வழுக்குவதற்கு ஏதாவது தேவை. அப்போது கைக்கு எது கிடைக்கிறதோ அதைத் தடவிவிடுகிறார்கள்.

இதற்கு ஒரே ஒரு விதிதான். தடவும் பொருள் மாட்டும்போது வழுக்க வேண்டும், மாட்டிய பிறகு அங்கே இருக்கவே கூடாது. ஒவ்வொன்றையும் இந்த விதியை வைத்துப் பாருங்கள்.

தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில், கிரீஸ்: எவ்வளவு நாள் ஆனாலும் காயாது. ரப்பரையும் ஊற வைத்துக் கெடுக்கும். கூடவே கூடாது.

டபிள்யூடி-40 போன்ற ஸ்ப்ரேக்கள்: மெல்லியதாக இருப்பதால் ஆவியாகிவிடும் என்று நினைப்போம். ஆனால் ஒரு எண்ணெய்ப் படலம் தங்கிவிடும். கூடாது.

சோப்புத் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம்: எல்லோரும் செய்வது இதுதான். தண்ணீர் காய்ந்தாலும் சோப்பு உள்ளேயே இருக்கும். அடுத்த மழையில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனால் போதும், அது மறுபடி நுரைக்கும், கிரிப் மறுபடி வழுக்கும். வறண்ட ஊரில் ஒருவேளை தப்பித்துவிடலாம். மும்பையில் அந்த வாய்ப்பு குறைவு.

சானிட்டைசர் ஜெல்: ஆல்கஹால்தானே என்று தோன்றும். ஆனால் கை வறண்டுபோகாமல் இருக்க அதில் கிளிசரின் போன்றவை சேர்த்திருப்பார்கள். அது காயாமல் தங்கும். வேண்டாம்.

ஹேர் ஸ்ப்ரே: ஈரமாக இருக்கும்போது வழுக்கும், காய்ந்தால் ஒட்டும். பலர் பயன்படுத்தும் பழைய உத்தி. ஆனால் தலையில் அடித்தது குளித்தால் போய்விடும் அல்லவா? தொடர்மழையில் நனையும் வண்டிக்கு அதை நம்ப வேண்டாம்.

பெட்ரோல்: சீக்கிரம் ஆவியாகும் என்பது உண்மை. ஆனால் ரப்பரை உப்ப வைக்கும், தீப்பிடிக்கும் அபாயமும் அதிகம். வேண்டவே வேண்டாம்.

ஐசோபுரொபைல் ஆல்கஹால்: வழுக்கும், சில நிமிடங்களில் ஆவியாகத் தொடங்கும், எதையும் மிச்சம் வைக்காது. துளை சரியான இறுக்கத்தில் இருக்கும் புது கிரிப்புக்கு இதுவே போதும்.

ரப்பர் பசை: கிரிப் கொஞ்சம் தளர்வாக இருந்தாலோ, மழையில் தினமும் ஓட்டுபவராக இருந்தாலோ பசை நல்லது. ஈரமாக இருக்கும்போது பசையே வழுக்கும், காய்ந்ததும் அதுவே பிடித்துக்கொள்ளும். தாராவியின் தோல் பட்டறைகளில் ரப்பரையும் தோலையும் ஒட்டப் பயன்படுத்தும் வகைப் பசை ஏற்றது. உடனே ஒட்டும் சூப்பர் குளூ வேண்டாம். கிரிப் பாதி தூரம் போனதுமே இறுகிவிட்டால் உள்ளேயும் தள்ள முடியாது, வெளியேயும் எடுக்க முடியாது. காய்ந்த பிறகு அதிர்வில் உடையவும் செய்யும்.

மாட்டுவது: படிப்படியாக

1. பாரையும் ஆக்சிலேட்டர் பைப்பையும் ஆல்கஹால் நனைத்த துணியால் நன்றாகத் துடையுங்கள். பழைய பசை, துரு, எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. இடது பக்க இரும்பில் துரு இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள்.

2. எந்தக் கிரிப் எந்தப் பக்கம் என்று மறுபடியும் துளையைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

3. முதலில் இடது பக்கம். கிரிப்பின் உள்ளே ஆல்கஹாலை ஊற்றி, முனையை விரலால் மூடிக் குலுக்குங்கள். பார் மீதும் தடவுங்கள். உடனே திருகியபடி ஒரே மூச்சில் உள்ளே தள்ளுங்கள். பாதியில் நின்று போன் எடுக்காதீர்கள், அதற்குள் காய்ந்துவிடும்.

4. பசை என்றால் கிரிப்பின் உள்ளேயும் பார் மீதும் மெல்லிய பூச்சு போதும். டியூபில் எழுதியிருக்கும் நேரத்தைப் பின்பற்றுங்கள். பசை தடவி 3 முதல் 5 நிமிடம் காத்திருந்து, பிறகு மாட்டி, பசை சீராகப் பரவ கிரிப்பைச் சுற்றிவிட வேண்டும் என்பது ஹோண்டா சர்வீஸ் கையேடுகளில் இருக்கும் வழிமுறை.

5. அடுத்து வலது பக்கம். இங்கே பசை ரொம்பக் கவனம். பைப்பின் மேல் மட்டும்தான் பசை இருக்க வேண்டும். பைப்புக்கும் உள்ளே இருக்கும் பாருக்கும் நடுவே ஒரு சொட்டு வழிந்தாலும் ஆக்சிலேட்டர் ஒட்டிக்கொள்ளும்.

6. வலது கிரிப்பை சுவிட்ச் பெட்டியில் இடிக்கும் வரை தள்ளாதீர்கள். ஒரு மி.மீ. அளவு இடைவெளி விடுங்கள். இடிக்கும் அளவுக்குத் தள்ளினால் ரப்பர் உரசி, ஆக்சிலேட்டர் திரும்பி வராது. இடது பக்கத்தில் இந்தப் பிரச்சினை இல்லை.

7. முனை எடைகளைத் திரும்பப் பொருத்துங்கள். வலது பக்கம் எடைக்கும் கிரிப்புக்கும் நடுவேயும் இடைவெளி இருக்க வேண்டும். "எதுக்கு இந்தக் கட்டி, விட்டுடலாம்" என்று நினைக்காதீர்கள். ஹேண்டிலின் அதிர்வைக் குறைப்பதே அதுதான்.

8. காய விடுங்கள். ஆல்கஹால் மட்டும் என்றாலும் சரி, பசை என்றாலும் சரி, ஓர் இரவு முழுக்க விடுவது பாதுகாப்பு. கிரிப்புக்குள் காற்று போகாது என்பதால் வெளியே காய்வதைவிட அங்கே அதிக நேரம் எடுக்கும். எனவே இந்த வேலையை ஞாயிறு காலையில் செய்யுங்கள், திங்கள் காலை வண்டியை எடுங்கள்.

ஓட்டும் முன் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்

இன்ஜினை ஆன் செய்ய வேண்டாம். ஆக்சிலேட்டரை முழுவதும் திருகி, கையை விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் இழுத்து 'டக்' என்று தானாக மூட வேண்டும். மெதுவாக நகர்ந்தோ பாதியில் நின்றோ மூடினால் கிரிப் எங்கேயோ உரசுகிறது. ஹேண்டிலை நேராகவும், முழு இடதும், முழு வலதும் வைத்து மூன்று முறை இதைச் செய்யுங்கள்.

பிறகு வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் ஏறக் கூடாது. ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஸ்கூட்டருக்கு நியூட்ரல் கிடையாது என்பதால் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரம் தரையைத் தொடாமல் பார்த்துக்கொண்டு சோதியுங்கள்.

கடைசியாக, இரண்டு கிரிப்பையும் பலம் கொண்ட மட்டும் முறுக்கிப் பாருங்கள். வலது பக்கத்தில் மறுபடியும் நெயில் பாலிஷ் கோடு போட்டு வையுங்கள். முதல் வாரம் தினமும் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

ஓடும்போது ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால்?

பைக்கில் கிளட்சைப் பிடித்து இன்ஜின் சக்தியைத் துண்டியுங்கள். கில் சுவிட்சை அணையுங்கள். இரண்டு பிரேக்கையும் சீராகப் பிடித்து ஓரம் கட்டுங்கள். ஸ்கூட்டரில் கையால் இயக்கும் கிளட்ச் இல்லை, பலவற்றில் கில் சுவிட்சும் இல்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே சாவியை ஆஃப் வரை மட்டும் திருப்புங்கள். அதைத் தாண்டித் திருப்பி, ஓடும் வண்டியின் ஹேண்டிலைப் பூட்டிவிடாதீர்கள்.

எதை மெக்கானிக்கிடம் விட வேண்டும்?

ஆக்சிலேட்டர் பைப்பில் வெடிப்பு இருந்தால், கேபிள் நூல் பிரிந்திருந்தால், முனை ஸ்குரூவின் தலை மழுங்கிவிட்டால், உங்கள் வண்டியில் ரப்பரும் பைப்பும் ஒன்றாக இருந்தால் அவரிடமே கொடுங்கள். அவரிடம் கொடுக்கும்போதும் ஒரு கேள்வி கேட்கலாம்: "அண்ணே, எதைத் தடவி மாட்டுவீங்க?" பதில் 'சோப்புத் தண்ணி' என்று வந்தால், வீட்டிலிருந்து அந்த ஆல்கஹால் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நீங்கள் வாசலில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யும்போது சந்தில் போகிற வருகிற எல்லோரும் நின்று ஒரு யோசனை சொல்வார்கள். ஒருவர் எண்ணெய் என்பார், இன்னொருவர் ஷாம்பு என்பார். எல்லோருக்கும் ஒரே பதில் போதும். "அது காயுமா? காஞ்ச பிறகு ஏதாவது மிச்சம் இருக்குமா?" காயாது, மிச்சம் இருக்கும் என்றால் அது உங்கள் கிரிப்புக்குள் போகக் கூடாது.